மாத இதழ் போட்டால் ஆள் நிற்குமா?

12 ஆகஸ்ட் 2024, காலை. கேள்வி

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பார்க்கிறேன். ஏறக்குறைய 450 பேர். பாதிக்கு மேல் பெண்கள். கால்வாசி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் ஆட்கள். எடுக்கிற வேகத்தில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். "தொழிலாளர்களோடு நாம் பேசுவதே இல்லை, அதனால்தான் ஒட்டுதல் இல்லை" என்கிறார் முதலாளியின் மகன். வண்ணத்தில் ஒரு மாத இதழ், ஆளுக்கொரு மொபைல் ஆப், இதுதான் அவர் திட்டம். செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

12 ஆகஸ்ட், இரவு. என் பதில் (இதற்குப் பின் வருபவையும் என்னுடையவையே)

செய்து பார்த்திருக்கிறேன். முதலில் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், இப்போது பனியனில். இதழ் வேண்டாம். ஆப் வேண்டவே வேண்டாம்.

என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று சில நாள் எழுதி வையுங்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு நோட்டு போதும். எங்கள் நோட்டில் விழுந்தவை: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணிக்கணக்கு, லீவு சம்பளம், இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) அட்டையில் அம்மா பெயர் ஏறவில்லை, பஸ் சீக்கிரம் கிளம்பிவிடுகிறது. கம்பெனியின் தொலைநோக்கு என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு கேள்வியைச் சொல்கிறேன். அயர்னிங் செக்‌ஷனில் ஐம்பதைத் தொட்ட ஒருவர், மகளின் போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து கொண்டுவந்து காட்டினார். "அம்மணி, எங்கிட்ட 1,440 புடிக்கறீங்க. கம்பெனி 440 தானுங்களே கட்டியிருக்குது, மிச்சம் எங்கீங்?"

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்றால், அவர் பங்கு 12 சதவீதம், 1,440. கம்பெனி பங்கும் அதே 1,440. ஆனால் கம்பெனி பங்கில் 8.33 சதவீதம், கிட்டத்தட்ட 1,000 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும். மீதி 440 தான் பி.எஃப். பக்கம் தெரியும். ஓய்வூதியத்துக்குத் தனியாக ஒரு பத்தி பாஸ்புக்கிலேயே இருக்கிறது. அது என்ன பத்தி என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கம்பெனி மாதாமாதம் ஆயிரம் ரூபாய் சுருட்டுகிறது என்று எத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருந்தாரோ. அப்படி நினைப்பவர் கையில் முதலாளியின் பொங்கல் வாழ்த்தை வண்ணத்தில் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சம்பளச் சிலிப்பின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, அங்கே இந்தக் கணக்கையும் 2024இல் இருந்த விதிகளையும் அச்சடித்தோம். இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல், அல்லது வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் அது ஓ.டி., அதற்குச் சம்பளம் இரண்டு மடங்கு. வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால் 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள லீவு. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இந்தி என்று தனித் தாளாகக் கொடுக்கலாமே என்று அக்கவுண்ட்ஸில் சொன்னார்கள். தனித் தாள் கேட்டைத் தாண்டுவதற்குள் தரையில் கிடக்கும். சிலிப்பை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

13 ஆகஸ்ட்

இதழ் போடத்தான் வேண்டும் என்று மில்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நான் இருந்த மில்லிலும் இதழ் வந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மாதம் மட்டும் தொழிலாளர்களின் பிள்ளைகள் படத்தோடு ஒரு பக்கம் போடுவோம். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியவர்கள் உண்டு. மற்ற பதினைந்து பக்கமும் டிபன் பாக்ஸ் அடியில் விரிக்கப் பயன்பட்டது.

ஆக, இதழே கூடாது என்பதில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் போடுங்கள்.

17 ஆகஸ்ட்

புகார்ப் பெட்டி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பையர் ஆடிட்டுக்காக, அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி செய்யும் சோதனைக்காக, எல்லாக் கம்பெனியிலும் பெட்டி இருக்கிறது. என் அனுபவத்தில் அதில் மூன்று ரகம்.

முதல் ரகம், மேனேஜர் அறை வாசலில் இருப்பது. சீட்டுப் போட யார் போகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பார்க்கும். இரண்டாவது, சரியான மூலையில் இருக்கும், ஆனால் நேர் மேலே கேமரா. மூன்றாவது, பாத்ரூம் போகும் வழியில், கேமரா இல்லாத இடத்தில் இருப்பது. சீட்டு விழுவது மூன்றாவதில்தான். அதிலும் முதல் சில வாரம் மிட்டாய்க் காகிதம்தான் விழும். அதற்காகப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள், ஆழம் பார்க்கிறார்கள்.

ஆனால் பெட்டி இருக்கும் இடத்தை விட, பதில் போகும் இடம் முக்கியம். வழக்கமாக என்ன நடக்கும்? ஹெச்.ஆர். பெட்டியைத் திறப்பார், ரெஜிஸ்டரில் எழுதுவார், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு பத்தியை நிரப்புவார், அந்த ரெஜிஸ்டர் ஆடிட்டர் கையில் போகும். சீட்டுப் போட்டவருக்கு எதுவும் தெரியாது.

நாங்கள் ஒரு போர்டை இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கம் கேள்வி, அவர் எழுதிய வார்த்தையிலேயே. (திட்டு இருந்தால் திட்டை மட்டும் எடுத்துவிடுவோம். சில நேரம் திட்டுத்தான் முழுக் கேள்வியும், அப்போது கொஞ்சம் சிரமம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் டைப் அடித்துத்தான் ஒட்டுவோம்.) வலப்பக்கம் பதில். பதிலுக்கு ஒரே விதி: "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதக் கூடாது. ஆகும் என்றால் எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு. ஆகாது என்றால் ஏன் ஆகாது.

மேனேஜ்மென்ட்டில் பயந்தது இந்த "ஆகாது"வுக்குத்தான். நடந்தது வேறு. அயர்னிங்கில் ஏ.சி. கேட்டு ஒரு சீட்டு. "ஆகாது. நீராவி வரும் இடத்தில் ஏ.சி. போட்டால் கரண்ட் பில் தாங்காது, குளிரவும் குளிராது. எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு கூடுதலாகப் போடுகிறோம், மார்ச் முதல் வாரத்துக்குள், மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் பொறுப்பு" என்று எழுதினோம். மார்ச் முதல் வாரம் ஃபேன் வரவில்லை. அயர்னிங் ஆட்கள் மெயின்டனன்ஸ் இன்சார்ஜைப் பிடித்துக்கொண்டார்கள், சாப்பாட்டு நேரத்தில், அவர் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது. அடுத்த வாரம் ஃபேன் ஓடியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அவர்கள் என்னிடம் வரவே இல்லை என்பது.

ஒரு எச்சரிக்கை. பாலியல் தொல்லை பற்றிய சீட்டு வந்தால் அது போர்டுக்கும் போகக் கூடாது, ரெஜிஸ்டருக்கும் போகக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அங்கேதான் போக வேண்டும். பெட்டியைத் திறப்பவர்களில் ஒருவராவது அந்தக் குழுவில் உள்ள பெண்ணாக இருந்தால் நல்லது.

18 ஆகஸ்ட்

பெட்டிச் சாவி யாரிடம் என்று கேட்டவருக்கு: இரண்டு பூட்டு. ஒன்று ஹெச்.ஆர்., இன்னொன்று தொழிலாளர் பிரதிநிதி. ஒருவர் லீவு போட்டால் பெட்டி திறக்காது, ஆமாம். திறக்காமல் இருக்கட்டும்.

25 ஆகஸ்ட்

இதழ், பெட்டி, போர்டு எல்லாம் பேசிவிட்டோம். லைன் சூப்பர்வைசரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு டெய்லருக்குக் கம்பெனி என்றால் அவர்தான். முதலாளியை ஆயுத பூஜைக்குத்தான் பார்ப்பாள். சூப்பர்வைசரை எட்டு மணி நேரமும் பார்க்கிறாள்.

பெரும்பாலான கம்பெனிகளில் செய்தி கடைசியாகத் தெரிவது அந்த சூப்பர்வைசருக்குத்தான். போர்டில் நோட்டீஸ் ஒட்டுகிறோம். டெய்லர் வந்து, "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டாமே, அதுக்குப் பதிலா லீவு எப்ப?" என்று கேட்கிறாள். அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மானம் போகும். அதனால் ஏதோ ஒன்றைச் சொல்கிறார். அன்று முதல் அவர் சொன்ன அந்த ஏதோ ஒன்றுதான் கம்பெனிச் சட்டம்.

எனவே, நோட்டீஸ் ஒட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். டெய்லர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று அவர்களையே கேளுங்கள். எழுதிய ஹெச்.ஆருக்குத் தோன்றாத மூன்று ஓட்டையாவது அங்கே வெளியே வரும். நோட்டீஸைத் திருத்தி அதற்குப் பிறகு ஒட்டுங்கள். இதற்குச் செலவு ஒரு ரவுண்டு டீ.

26 ஆகஸ்ட்

"சூப்பர்வைசரே பிரச்சினையாக இருந்தால்?" நியாயமான கேள்விதான். நேற்று எழுதியது பாதிதான்.

ஓ.டி. விருப்பம் இருந்தால் இருக்கலாம் என்பது நோட்டீஸ். அது லைனுக்கு வரும்போது, "இருந்தே ஆகணும், இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்" என்று மாறும். ஷிப்மென்ட் நெருக்கடியில் அவர் கழுத்தில் கத்தி. அதனால் நாங்கள் நோட்டீஸை ஷிஃப்ட் தொடங்கும்போது வாசித்துக் காட்டச் சொன்னோம், அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல். ஒவ்வொரு லைனிலும் வாசிப்பது சூப்பர்வைசர் இல்லை, ஒரு தொழிலாளி. முறை வைத்து மாறும். முதலில் கூச்சம், சிரிப்பு. பிறகு சில பெண்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒருத்தி ரேடியோவில் செய்தி வாசிப்பது போலவே வாசிப்பாள். அவள் முறை வரும் நாளில் பக்கத்து லைனும் எட்டிப் பார்க்கும்.

ஸ்பீக்கரில் அறிவிக்கலாமே என்கிறார் இன்னொருவர். ஓவர்லாக் மெஷின் வரிசையாக ஓடும் ஹாலில் நின்று ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள்.

1 செப்டம்பர்

வாட்ஸ்அப் குழு. இதில் எனக்கு இரண்டு மனசு.

கெட்டதை முதலில் சொல்கிறேன். அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்தால் அது நோட்டீஸ் போர்டு, அவ்வளவுதான். எல்லோரும் எழுதலாம் என்றால் காலை வணக்கப் படமும் அரைப் பவுன் குலுக்கல் சீட்டும். இரவு பத்தரைக்கு "நாளை ஷிஃப்ட் மாற்றம்" என்று செய்தி போடும் இன்சார்ஜ் எல்லாக் கம்பெனியிலும் ஒருவர் இருக்கிறார். காலையில் பழைய நேரத்துக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் "குழுவில் போட்டோமே" என்பார். அவளிடம் பட்டன் போன். வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட் போன் புருஷனிடம், அவர் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார். சம்பளம், ஷிஃப்ட், லீவு மூன்றும் வாட்ஸ்அப்பில் மட்டும் போகக் கூடாது என்று நாங்கள் விதி வைத்திருக்கிறோம். உங்கள் ஆப் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம்.

நல்லதைச் சொல்ல 2023 மார்ச்சுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றிய நாட்கள். வேறு மாநிலத்தில், வேறு எதற்கோ நடந்த அடிதடியை எல்லாம் திருப்பூர் என்று போட்டுப் பரப்பினார்கள். மார்ச் 8 ஹோலி. ஊருக்குப் போவதற்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்கள், பயந்து கிளம்பியவர்கள், யார் எதற்குப் போகிறார்கள் என்றே தெரியாமல் ரயில் நிலையத்தில் கூட்டம். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. முதல்வர் மார்ச் 7 அன்று திருநெல்வேலி மாவட்டம் காவல்கிணறு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வட மாநிலத் தொழிலாளர்களோடு பேசினார்.

எங்கள் கம்பெனியில் முதலில் செய்தது இந்தியில் ஒரு நோட்டீஸ்: "வதந்திகளை நம்ப வேண்டாம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்." அதைப் படித்த பிறகுதான் பலருக்கு ஏதோ நடக்கிறது என்றே தெரிந்தது. கட்டிங்கில் ஒரு பையன் நேராகக் கேட்டான், "ஒன்றும் இல்லை என்றால் எதற்கு மேடம் நோட்டீஸ்?"

எது வேலை செய்தது என்றால், ஊரில் இருக்கும் அம்மாக்களோடு பேசியது. பயம் இங்கே இருப்பவனுக்கு இல்லை. வீடியோவைப் பார்த்த அம்மா அங்கிருந்து அழுகிறாள், "உடனே வா" என்கிறாள். ஒடியா பேசும் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார், அவரே ஒரு காலத்தில் ஹெல்பராக வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் நின்று, வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள் என்றார். போனைக் கேன்டீன் முழுக்கத் திருப்பிக் காட்டினார்கள். தமிழ் டெய்லர் அக்காக்கள் எல்லாம் கை ஆட்டினார்கள். ஒரு அக்கா தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வாக்கியமான "கானா காயா?"வை (சாப்பிட்டாச்சா?) எல்லா அம்மாவிடமும் கேட்டாள். கிளம்புகிறேன் என்று கணக்குக் கேட்டிருந்தவர்களில் கொஞ்சம் பேர் நின்றார்கள். எல்லோரும் இல்லை.

அதன் பிறகுதான் ஒடியா, இந்திக் குரல்பதிவுக் குழுக்கள் தொடங்கினோம். எழுத்து இல்லை, குரல் மட்டும், ஒரு நிமிடத்துக்குள். பேசுவது அந்த சூப்பர்வைசர்தான், நானில்லை. என் இந்தியைக் கேட்டு ஏற்கெனவே போதுமான அளவு சிரித்திருக்கிறார்கள்.

2 செப்டம்பர்

"வதந்தி எல்லாம் வடக்கத்தி ஆட்களிடம்தான்" என்று ஒருவர் எழுதியிருப்பதற்கு.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? 24ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் எங்கள் தமிழ்ப் பெண்கள் கேட்ட ஒரே கேள்வி: "அடுத்த மாசத்திலிருந்து நமக்கும் பன்னெண்டு மணி நேரமா? பிள்ளைய யாரு பார்க்கிறது?" கம்பெனி வாயைத் திறக்கவில்லை. "அரசு விஷயம், நாம் கருத்துச் சொல்லக் கூடாது" என்று மேலே முடிவு. யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஷிஃப்ட் நேரம் மாறுமா, மாறாதா என்றுதான் கேட்டார்கள். "இன்றைய நிலையில் நம் ஷிஃப்டில் மாற்றம் இல்லை, மாறுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்வோம்" என்று ஒரு வரி போதும். அந்த வரி வரவில்லை. இரண்டு மூன்று நல்ல டெய்லர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பீஸ் ரேட்டுக்குப் போய்விட்டார்கள்.

பெரிய இடத்தையும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சில பெண்கள் இறந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது, பொய். ஆனால் சேர்ந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தோழிகளுக்குத் தெரியவில்லை. ராத்திரியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அறைத் தோழி ஆம்புலன்ஸில் போனாள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்றால் நானும்தான் ரோட்டுக்கு வருவேன். அதை வதந்தி என்று மட்டும் சொல்லித் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. கெட்ட சாப்பாடும் விடுதி நெரிசலும் உண்மை. ஆலை மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தது.

15 செப்டம்பர்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சாம்சங் ஆலையில் நடக்கும் போராட்டம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 9 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம். "ஒழுங்கான உள்தொடர்பு இருந்திருந்தால் இது வந்திருக்காது அல்லவா?"

அல்ல. நான் இவ்வளவு எழுதியதை இப்படி எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தம். அவர்கள் கேட்பது சம்பள உயர்வு, சங்கத்துக்கு அங்கீகாரம். அதற்கு நோட்டீஸ் போர்டு பதில் ஆகாது, ஒடியாக் குரல்பதிவும் ஆகாது. உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். சென்னைப் பக்கம் இது புதிதும் இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பெரம்பூர் மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. சங்கத்தை நடத்திய பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வருவதற்கு முன்னால் அவர்கள் அதை மேலே சொல்லாமலா இருந்திருப்பார்கள்? கேட்பதற்கு ஆள் வேண்டும், மறுத்தால் திரும்பக் கேட்பதற்குப் பலம் வேண்டும். ஹெச்.ஆர். முதலாவதைத்தான் தர முடியும், அதுவும் பாதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சக ஹெச்.ஆர்.காரர்கள் கோபித்தாலும் சரி. தொடர்பு என்ற பெயரில் சிலர் செய்வது உளவு. குழுவில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று எடுத்து மேலே அனுப்புவது. அது தெரிந்த அன்றே குழு செத்துவிடும். பிறகு அவர்களுக்கென்று நீங்கள் இல்லாத ஒரு குழு இருக்கும். இருக்கட்டும், இருப்பதுதான் இயல்பு. அதற்குள் நுழையப் பார்க்காதீர்கள்.

16 செப்டம்பர்

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 2024இல் நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம் 1947, பிரிவு 3: 100 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் அரசு உத்தரவிட்டால் பணிக்குழு அமைக்க வேண்டும், தொழிலாளர் தரப்பு நிர்வாகத் தரப்பை விடக் குறையக் கூடாது. பிரிவு 9சி: 20 பேரோ மேலோ இருந்தால் குறைதீர் குழு. இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் ஆறு பேருக்கு மிகாமல், தலைவர் பதவி ஆண்டுக்கு ஒரு தரப்பு என்று மாற வேண்டும், 45 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

ஆடிட் கோப்பில் இந்தக் குழுக்களெல்லாம் ஜம்மென்று இருக்கும். உங்கள் கம்பெனியில் குழு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: ஏதாவது ஒரு டெய்லரிடம் போய், "குழுவில் உங்கள் ஆள் யார்?" என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்காமல் பதில் வர வேண்டும்.

கேன்டீன் குழுவைக் கேலி செய்து ஒருவர் எழுதியிருக்கிறார். கேலி செய்யாதீர்கள். ஆட்கள் முதல் முறையாக வாய் திறப்பது அங்கேதான். சாம்பாரைக் குறை சொல்லிப் பழகியவர்கள்தான் பிறகு ஓ.டி. கணக்கைக் கேட்கிறார்கள்.

6 அக்டோபர்

போனஸ் வருகிறது. வருடத்தில் மற்ற எல்லா நாளும் நீங்கள் பேசியது எப்படி என்று இந்த மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். தீபாவளி 31ஆம் தேதி.

சட்டம் எல்லோருக்கும் தெரியும்: குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20. ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், மார்ச்சில் முடிப்பவர்களுக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. நவம்பர் 30 என்று எந்த முதலாளியாவது தமிழ்நாட்டில் சொல்லிப் பார்க்கட்டும்.

கேள்வி எவ்வளவு என்பது மட்டும் இல்லை. எப்போது, எதன் மேல் சதவீதம், போன வருடத்தை விட ஏன் கூட, ஏன் குறைவு. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் இதை ரகசியம் போல் வைப்பார்கள். கவர் கையில் வரும் வரை யாருக்கும் தெரியாது. ஆள் ஆளுக்கு ஒரு தொகை பேசுவார்கள், பக்கத்துக் கம்பெனியில் 15 சதவீதமாம் என்று ஒரு காற்று அடிக்கும். கடைசியில் கவரைப் பிரிக்கும்போது கொடுத்த தொகை நியாயமாகவே இருந்தாலும் முகம் வாடும். பணம் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்குவது என்பது இதுதான்.

இப்போது நாங்கள் செய்வது: ஆயுத பூஜைக்கு முன்னால், பொரி கடலை கொடுக்கிற கூட்டத்துக்கு முந்தைய வாரத்திலேயே, சதவீதத்தையும் பணம் ஏறும் தேதியையும் அறிவிப்பது. கூடவே ஒரு மாதிரிக் கணக்கு. நடுவில் சேர்ந்தவருக்கு, பிரசவ லீவில் போனவருக்கு, மூன்று மாதம் ஊருக்குப் போய் வந்தவருக்கு என்று மூன்று. பிரசவ லீவு நாட்களும் வேலை நாட்களாகவே கணக்கில் வரும் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. சில அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கும் தெரியாது.

இந்த வருடம் போன வருடத்தை விடக் குறைவு. ஆர்டர் குறைந்த கதையை முதலாளியே வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "நீயே சொல்லிவிடேம்மா" என்றார். நல்ல செய்திக்கு அவர், கெட்ட செய்திக்கு நான் என்றால் எப்படி?

20 அக்டோபர்

வந்தார். மைக்கில் கொஞ்சம் தடுமாறினார், ஆர்டர் கணக்கைச் சொன்னார். பேக்கிங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், ஆர்டர் குறைஞ்சுதுன்னா புது பில்டிங் எதுக்கு?" என்றாள். ஹால் முழுக்க அமைதி, சூப்பர்வைசர்கள் முகம் எல்லாம் வெளிறிவிட்டது. அவர் பதில் சொன்னார்: அது மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய பேங்க் லோன், நிறுத்தினாலும் வட்டி ஓடும். அந்தப் பதில் எல்லோருக்கும் திருப்தியா என்றால் இல்லை. பெண்ணை யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதைத்தான் மறுநாள் ஹாலில் பேசிக்கொண்டார்கள். அவள் லைன் இன்சார்ஜிடம் நான் தனியாகப் போய் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், அது வேறு விஷயம்.

சாம்சங்கில் 37 நாளுக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்தச் சர்ச்சையை இங்கே தொடர வேண்டாம், தனியாக எழுதுகிறேன்.

10 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஆப் கைவிடப்பட்டதாம். இப்போது முதலாளியின் மகன் சர்வே எடுக்கச் சொல்கிறாராம், சிரிக்கிற முகம், அழுகிற முகம் போட்ட டச் ஸ்கிரீன் கேட் பக்கத்தில்.

அதில் சிரிக்கிற முகத்தைத்தான் அமுக்குவார்கள், பின்னால் செக்யூரிட்டி நிற்கிறாரே. அமெரிக்காவில் ஹாத்தோர்ன் ஆலையில் 1928லிருந்து 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கைவசம் கேள்விப் பட்டியல் வைத்துத்தான் கேட்டார்கள். அவர்கள் வேறு எதையோ பேச விரும்பினார்கள். அப்புறம் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவரே பேசட்டும் என்று விட்டார்கள். அரை மணி நேரப் பேட்டி ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. பேசிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று அதிலிருந்து ஒரு பாடம் எடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம். சம்பளம் குறைவு என்று சொன்னவருக்கு மனம் லேசானால் போதுமா?

நான் பார்ப்பது இரண்டே எண்கள். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் போகிறவர்கள் எத்தனை பேர். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் சொன்ன தேதிக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர். இந்த வருடம் இரண்டாவது கொஞ்சம் தேறியிருக்கிறது. போர்டினாலா, போனஸ் கூட்டத்தினாலா, வெளியில் வேலை மந்தமாக இருப்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மேலே அனுப்பிய ரிப்போர்ட்டில் மூன்றையும் எழுதினேன். முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

முதல் எண் அசையவே இல்லை. போகிறவர்களில் பாதிப்பேர் முதல் சம்பளத்துக்கு மறுநாள் போகிறார்கள். வேலைக்குக் கூட்டிவந்த ஏஜென்ட் ஊரில் சொன்ன தொகை ஒன்று, கையில் வந்தது இன்னொன்று. கம்பெனிக்குள் நான் எத்தனை போர்டு வைத்தாலும் அங்கே ராஞ்சியில் ஏஜென்ட் வாயால் சொல்லும் சம்பளத்தை மாற்ற முடியாது. இப்போது வரப்போகிறவர்களுக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று ஒரு குரல்பதிவு அனுப்பிப் பார்க்கிறோம். ஏஜென்டுக்குக் கடுப்பு. சிலர் அதைக் கேட்டுவிட்டு வராமலே நின்றுவிட்டார்கள், புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் கடுப்பு.

11 நவம்பர்

அந்தக் குரல்பதிவை அனுப்பச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒடியாவில் இருப்பதை அனுப்புகிறேன். இந்தியில் இருப்பது சரியில்லை, ஜார்க்கண்ட் பையன்களுக்குப் பாதி புரியவில்லையாம், அவர்கள் ஊர்ப் பேச்சு மொழியான சாத்ரியில் சொல்லச் சொல்கிறார்கள். யாருடைய கம்பெனியிலாவது சாத்ரி நன்றாகப் பேசும் ஆள் இருந்தால் சொல்லுங்கள், ஒரு நிமிடப் பதிவுதான்.